இல்லாத மனிதனின் மூக்கு

அத்தியாயம் 17

கோர்ட் வாசலில் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பெவர்லி திறந்தாள். படிக்கிற கண்ணாடி, ஒரு பாக்கெட் மிட்டாய், நான்காக மடித்த வாக்குமூலத்தின் நகல். அவ்வளவுதான்.

"ஆயுதம் ஏதாவது வெச்சிருக்கியா கண்ணு?" என்று சிரித்தார் காவலாளி.

"என் வாய் ஒண்ணுதான்."

பின்னால் நின்ற ஜோஸி அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "அம்மா, ஜட்ஜ் முன்னாடி இப்படி எல்லாம் பேசிடாதே. கேட்டதுக்கு மட்டும் பதில். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது வக்கீலம்மா."

ஜோஸி இன்னும் வக்கீல் ஆகவில்லை. லீட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி முடிகிற நேரம். அடுத்த மாதம் பதிவு. ஆனால் இன்று அவள் முகத்தைப் பார்த்தால் வழக்கே அவளுடையது என்று தோன்றும். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. காலையிலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. நான்கு மாதமாகத் தேடிப் பிடித்த வாதத்தை இன்று வேறொருவர் வாயால் கோர்ட்டில் கேட்கப் போகிறாள்.

நடைபாதையின் மறுகோடியில் ட்ரெவர் உட்கார்ந்திருந்தான். பெவர்லியின் தம்பி. ஐம்பத்து நான்கு வயது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வருகிற கறுப்புக் கோட்டு. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தான்.

அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு, எழுந்திருக்கலாமா என்று தெரியாதவன் போல மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, சவர்பி பிரிட்ஜ் ஊரில் பெவர்லியின் கேக் கடைச் சமையலறையில், அடுப்புக்குப் பின்னால் போகும் கேஸ் குழாய் விரிசல் விட்டு நாற்பது நிமிடம் கசிந்தது. அவ்வளவு நேரமும் பெவர்லி உள்ளேதான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வாசனை தெரியவில்லை. ட்ரெவர் வந்தான், அடுப்பைப் பற்ற வைத்தான். அந்த நொடி பெவர்லி குளிர்பெட்டிக் கதவுக்குப் பின்னால் நின்று வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்ததால் முடி கருகியதோடு தப்பினாள். ட்ரெவரின் வலது கை வெந்துபோனது. மூன்று விரல் இன்றுவரை மடங்கவில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கை இல்லையென்றால் வேலை இல்லை.

"வழக்கு உங்க அக்கா மேல இல்லை. காப்பீட்டுக்காரங்க மேலதான்" என்று அவனுடைய வக்கீல்கள் சொன்னார்கள். ஆனால் மனுவின் முதல் பக்கத்தில் எதிராளி என்று அச்சடித்திருந்தது அக்காவின் பெயர்தான். அன்றோடு அக்கா தம்பி போக்குவரத்து நின்றது. இரண்டு கிறிஸ்துமஸ் தனித்தனியாகப் போய்விட்டன.

இதில் இருந்த கொடுமை வேறு. பெவர்லி தவறு செய்யவில்லை என்று கோர்ட் சொன்னால் ட்ரெவருக்கு ஒன்றும் கிடைக்காது. தவறு செய்தாள் என்று சொன்னால்தான் கிடைக்கும். அக்கா ஜெயித்தால் தம்பி தோற்பான். அதை இருவரும் அறிந்தே அந்த நடைபாதையில் இரு கோடிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்தது. பெயர் கூப்பிட்டார்கள்.

*

நீதிபதி ரஷ்வொர்த் அம்மையார் சிறிய உருவம். மேசைக்கு மேல் தலையும் பேனாவும்தான் தெரிந்தன. பேனா நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் ட்ரெவர் கூண்டில் ஏறினான். இடது கையால் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். காப்பீட்டுக்காரர்கள் பெவர்லிக்காக வைத்திருந்த வக்கீல் கால்டிகாட் எழுந்தார். உயரமான மனிதர். குரல் வெண்ணெய்.

"அன்னிக்குக் காலையில சமையலறைக்குள்ள நுழைஞ்சப்போ ஏதாவது வாசனை வந்துச்சா உங்களுக்கு?"

"தெரியலீங்க. வண்டியை நிறுத்தினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஞாபகம் இருக்கிறது ஆஸ்பத்திரி மேல்கூரைதான். நடுவுல ஒண்ணுமே இல்லை."

"நல்ல மூக்கு உள்ள உங்களுக்கே தெரியாம அடுப்பைப் பத்த வெச்சிருக்கீங்க. இல்லையா?"

ட்ரெவரின் கழுத்து சிவந்தது. "என் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை சார். பஸ் மாடியில எவனாவது சிகரெட் பத்த வெச்சான்னா ஸ்டியரிங் முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடும்."

"அப்புறம் ஏன் பத்த வெச்சீங்க?"

"அதைத்தான் சார் ரெண்டு வருஷமா நானும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நீதிபதி பேனாவை நிறுத்தாமலே கனிவாகச் சொன்னார்: "மிஸ்டர் ஷாக்கில்டன், இங்க கேள்வி உங்க அக்கா நல்லவங்களா கெட்டவங்களாங்கிறது இல்லை. அந்த இடத்துல ஒரு நியாயமான மனுஷன் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பான்? அதுதான் சட்டம் கேட்கிற கேள்வி. அந்த மனுஷனைப் பழைய ஜட்ஜுங்க, பஸ்ல உக்காந்து வேலைக்குப் போற சாதாரண ஆள்னு சொல்லுவாங்க."

"இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் அம்மா" என்றான் ட்ரெவர். "அப்படி ஒரு ஆள் என் வண்டியில ஏறினதே இல்லை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீதிபதியும்தான். பெவர்லியும் சிரித்தாள். சிரித்த பிறகுதான், தம்பி சொன்னதற்கு இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறோம் என்று உறைத்தது.

பிறகு கால்டிகாட் வாதத்தை எடுத்தார். ஜோஸி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"யுவர் ஹானர், அந்த நியாயமான மனுஷனுக்கு மூக்கு இருக்கு. நல்ல மூக்கு. என் கட்சிக்காரருக்கு அது இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு முகர்கிற சக்தி போயிடுச்சு. அது போனதே அவருக்குத் தெரியாது. மெல்ல மெல்லப் போனா பல பேருக்குத் தெரியறதில்லைன்னு டாக்டரே சொல்றார். பார்வை இல்லாத ஒருத்தரை 'ஏன் பாக்கலை'ன்னு சட்டம் கேட்கிறதில்லை. அப்போ இவரை 'ஏன் முகரலை'ன்னு எப்படிக் கேட்கலாம்? இல்லாத ஒரு மனுஷனோட உடம்பை இருக்கிற ஒரு மனுஷி மேல மாட்டிப் பார்க்கிற அளவுகோல், கோணல் அளவுகோல்."

ஜோஸியின் வரி அது. அப்படியே, எழுத்துக்கு எழுத்து. அவள் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போட்டுவிடாமல் இருக்க.

ட்ரெவரின் வக்கீல் மிஸ் அடெயெமி உட்கார்ந்தபடியே ஏதோ எழுதினார். பதற்றமே இல்லை. எழுந்தபோது இரண்டே வரி சொன்னார். "ஆளுக்கொரு அளவுகோல் கையில கொண்டு வந்தா, அளக்கிறதுக்கே அர்த்தம் இல்லை யுவர் ஹானர். காயம்பட்ட கை மட்டும் எல்லா அளவுகோல்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சுவாரசியமா இருக்கு" என்றார். பன்னிரண்டரைக்குப் பெவர்லி கூண்டில் ஏறினாள்.

கால்டிகாட் வாக்குமூலத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"ஆறாவது பத்தி. 'எனக்கு முகரும் சக்தி இல்லை என்பது விபத்துக்குப் பின் மருத்துவமனையில் சோதித்தபோதுதான் முதன்முதலாகத் தெரிந்தது.' இதுல இருக்கிறது எல்லாம் உண்மைதானே?"

அந்த வாக்குமூலத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து டைப் செய்தது ஜோஸி. படித்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது பெவர்லி.

"ஆமா" என்றாள்.

மிஸ் அடெயெமி நாலைந்து சின்னக் கேள்விகள் கேட்டார். கடை எப்போது திறந்தது, அடுப்பு எத்தனை வருடப் பழசு என்று. மணி ஒன்றாகிவிட்டது. நீதிபதி எழுந்தார். "மிஸஸ் ஹோல்ராய்ட், உங்க சாட்சி பாதியில நிக்குது. சாப்பாட்டு நேரத்துல யாரோடவும் இந்த வழக்கைப் பத்திப் பேசக் கூடாது. மகளோடவும்தான்."

*

எதிரே சாண்ட்விச் கடையில் கூட்டம் பிதுங்கியது. வெளியே மழை. ஒரே ஒரு மேசைதான் காலி. அதைப் பெவர்லி பிடித்து உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் ஜோஸிக்கு முன்னால் நின்றது யார் என்று பார்த்தால், ட்ரெவர்.

"மாமா" என்றாள் ஜோஸி.

"என்னடி, பெரிய மனுஷி. அந்த வக்கீல் பேசினது உன் பேச்சு மாதிரியே இருந்துச்சே."

அவளால் அடக்க முடியவில்லை. "கண்டுபிடிச்சுட்டியா? என்னோடதுதான்! யோசிச்சுப் பாரு மாமா. அந்த நியாயமான ஆள் யாரு? அவனுக்குக் காது நல்லாக் கேக்கும். கண்ணு நல்லாத் தெரியும். ராத்திரி குழந்தை அழுது தூக்கம் கெடாது. பயம் வராது, பதட்டம் வராது. நூறு வருஷத்துக்கு முன்னாடி அவனைக் கற்பனை பண்ணினவங்க எல்லாரும் ஒரே மாதிரி வீட்டுல பொறந்த ஆம்பளைங்க. கண்ணாடியைப் பாத்து அவங்களையே வரைஞ்சுட்டாங்க!"

"சரி, தூக்கிப் போடு அவனை" என்றான் ட்ரெவர். "அப்புறம் என் பஸ் முன்னாடி காரை விடறவன், 'நான் பொறக்கும்போதே அவசரக்காரன் சார்'னுவான். இன்னொருத்தன், 'எனக்கு பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு கொஞ்சம் குழப்பம்'னுவான். அவன் அவனுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியாத்தான் ஓட்டினான். இடிபட்டவன் எந்தக் கதவைத் தட்டறது?"

"அதுக்காக, இல்லாத மூக்கை ஒருத்தர் முகத்துல கொண்டுபோய் ஒட்ட முடியுமா மாமா?"

ட்ரெவர் கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்தான். பளபளவென்று இழுத்துத் தைத்த தோல். அசையாத மூன்று விரல்.

"இதையும்தான் ஒட்ட முடியலை, ஜோஸி."

ஜோஸி அந்தக் கையையே பார்த்து நின்றாள். வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர் இரும வேண்டியிருந்தது.

வேறு இடம் இல்லாததால் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு எதைப் பற்றிப் பேசுவது?

"முட்டி எப்படி இருக்கு?" என்றான் ட்ரெவர்.

"எந்த முட்டி?"

"வலிக்குதுன்னு சொன்னியே."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிடா. இப்ப இன்னொரு முட்டி."

"ஓ."

அவன் பற்களால் பொட்டலத்தைக் கடித்துத் திறந்தான். பெவர்லியின் தட்டில் முட்டை சாண்ட்விச் இருந்தது. அவள் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது ட்ரெவர் இடது கையை நீட்டித் தடுத்தான். அதை வாங்கினான், மூக்கருகே வைத்தான், முகத்தைச் சுளித்தான்.

"வேணாம். கெட்டுப்போச்சு."

தன்னுடைய சீஸ் சாண்ட்விச்சை அவள் தட்டில் வைத்தான். பிறகு பால் ஜாடியை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது பரவாயில்லை" என்று அவள் பக்கம் நகர்த்தினான். யோசித்துச் செய்யவில்லை. கண் தெரியாதவருக்கு ரோட்டைக் கடக்கக் கை கொடுப்பது போலச் சாதாரணமாகச் செய்துவிட்டு, மழையைப் பார்க்கத் தொடங்கினான்.

பெவர்லி சாண்ட்விச்சைத் தொடாமல் பால் ஜாடியையே பார்த்தாள்.

"சாப்பிடு பெவ். மத்தியானம் அந்தம்மா உன்னைக் கிழிக்கப் போறாங்க."

"உன் வக்கீல்தானேடா அது?"

"ஆமா. மனசுல வெச்சுக்காதே. வீட்டுல ரொம்பத் தங்கமானவங்களாம்."

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது அவளுக்கு. ட்ரெவர், ஒண்ணு சொல்லணும்டா. அன்னிக்கு நீ உள்ள வந்ததும்... ஆனால் பேசக் கூடாது என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். தம்பியிடம் சொல்ல முடியாது. மகளிடம் சொல்ல முடியாது. இன்று இந்த உலகத்தில் அவள் வாய் திறக்கக் கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது.

அவள் எழுந்துவிட்டாள். "நான் போறேன்."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே அம்மா!"

"பரவாயில்லை. முதல் ஆளா போய் நிக்கறேன்."

*

"ஊர்க் கண்காட்சியில கேக் போட்டிக்கு நீங்க நடுவரா இருக்கீங்களா மிஸஸ் ஹோல்ராய்ட்?" என்று தொடங்கினார் மிஸ் அடெயெமி. குரல் மிருதுவாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

"ஆமா. பதினோரு வருஷமா."

"விபத்துக்கு முந்தின வருஷமும்?"

"ஆமா."

"அந்த வருஷம் இஞ்சி கேக்குக்கு முதல் பரிசை எப்படி முடிவு பண்ணினீங்க?"

கால்டிகாட் பாதி எழுந்தார். நீதிபதி கையசைத்து உட்கார வைத்தார். பெவர்லி கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து" என்றாள்.

"பாத்தா?"

"கலரைப் பாத்து. வெட்டினா உதிருதா, சேந்து நிக்குதான்னு பாத்து." அவள் மூச்சை இழுத்தாள். "பக்கத்துல நிக்கிற நடுவரோட மூஞ்சியைப் பாத்து. அவர் புருவம் தூக்கினா நானும் தூக்குவேன்."

நீதிபதியின் பேனா நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக.

"ஒரு நிமிஷம்" என்றார். "மிஸஸ் ஹோல்ராய்ட், காலையில இங்க சத்தியம் பண்ணி ஒண்ணு சொன்னீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இப்ப நீங்க சொல்லப் போறது உங்களுக்கே ஆபத்தா முடியலாம். பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. தனியா ஒரு வக்கீலைக் கேட்டுக்கிட்டு வரீங்களா?"

"வேணாம் அம்மா. இப்ப நிறுத்தினா மறுபடி தைரியம் வராது."

"அம்மா!" என்று ஜோஸியின் குரல் பின்னாலிருந்து எழுந்து அடங்கியது.

பெவர்லி பேசினாள். நிறுத்தவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலக் காய்ச்சல். எழுந்து காபி குடித்தால் வெறும் வெந்நீர். ஏலக்காயும் பட்டையும் கிராம்பும் அரைத்தால் மரத்தூள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆறு மாதம் காத்திருந்தாள். வரவில்லை.

"கேக் செய்யறவளுக்கு மூக்கு இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் யாரு அம்மா? அதனால வருதுன்னு நடிச்சேன். யாராவது 'ஆஹா, என்ன வாசனை'ன்னா நானும் ஆஹான்னு சொல்லுவேன். பழகிப் போச்சு."

"அந்த ஞாயித்துக்கிழமை?" என்று மெல்லக் கேட்டார் மிஸ் அடெயெமி.

பெவர்லி தம்பியைப் பார்த்தாள்.

"ட்ரெவர் பின்கதவால உள்ள வந்தான். வந்ததும் நின்னான். 'பெவ், ஏதோ நாத்தம் அடிக்குதே'ன்னு கேட்டான். எனக்கு ஒண்ணுமே வரலை. ஆனா வரலைன்னு சொல்ல வாய் வரலை. 'சாக்கடைடா, காலையிலேர்ந்தே அடிக்குது'ன்னு சொன்னேன். 'அடுப்பைப் பத்த வை, டீ போடறேன்'னும் நான்தான் சொன்னேன்."

பின்வரிசையில் நாற்காலி கீச்சிட்டது. ட்ரெவர் எழுந்து நின்றிருந்தான்.

"நான் கேட்டேனா?"

"உக்காருங்க சார்" என்றார் கோர்ட் ஊழியர்.

"நான் கேட்டேனா பெவ்?"

"கேட்டேடா. உள்ள வந்ததும் கேட்டே."

அவன் உட்காரவில்லை. நீதிபதியும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

கால்டிகாட் நல்ல வக்கீல். கப்பல் மூழ்கும்போதும் வாளியை எடுத்தார். "மிஸஸ் ஹோல்ராய்ட், கேஸ் கசியும்னு உங்களால எதிர்பார்த்திருக்க முடியாது இல்லையா? உங்க நிலைமையில இருக்கிற ஒரு நியாயமான பெண்மணி..."

"காலையிலேர்ந்து அந்த ஆளைப் பத்தியே பேசறீங்க சார்" என்றாள் பெவர்லி. குரல் நடுங்கவில்லை. "அப்படி ஒருத்தன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அளவுகோல் கோணல்னு என் பொண்ணு சொல்றா. இருக்கலாம். அவ படிச்சவ. ஆனா அவனை விட்டுடுங்க. என்னை வெச்சே என்னை அளந்து பாருங்க. மூக்கு இல்லைன்னு தெரிஞ்சவ. தினமும் கேஸ் அடுப்புல நிக்கறவ. கேஸ் கசிஞ்சா கத்தற அலாரம் ஒண்ணு மாட்டலாம்னு நூறு தடவை நெனச்சவ. மாட்டினா எதுக்குன்னு கேப்பாங்களேன்னு மாட்டாம விட்டவ. அந்த அளவுலகூட நான் தேற மாட்டேன் சார்."



நீதிபதி கடைசியாக ஒன்று கேட்டார். "உங்களுக்கு முகர முடியாதுங்கிறது விபத்துக்கு முன்னாடி வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. என் பொண்ணுக்குக்கூட."

ஜோஸி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்டிகாட் இருபது நிமிடம் கேட்டு வெளியே போனார். நடைபாதையில் அவர் காப்பீட்டுக்காரர்களோடு போனில் பேசுவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. திரும்பி வந்து கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, பொறுப்பை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார்.

ட்ரெவர் ஜெயித்துவிட்டான்.

"மிஸ்டர் கால்டிகாட்" என்றார் நீதிபதி, காகிதங்களை அடுக்கியபடி. "காலையில நீங்க எழுப்பினது நல்ல கேள்வி. அந்த நியாயமான மனுஷனை நான் முப்பது வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன். எனக்கும் அவன் மேல சந்தேகம் உண்டு. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வழக்கு இது இல்லைன்னு உங்க கட்சிக்காரரே சொல்லிட்டார்." பிறகு பெவர்லி பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "பொய்யான வாக்குமூலம் சின்ன விஷயம் இல்லை மிஸஸ் ஹோல்ராய்ட். தானா முன்வந்து திருத்தினீங்க, அதையும் மறக்க மாட்டேன். பதினாலு நாள் தரேன். உங்களுக்குன்னு ஒரு வக்கீலோட வாங்க. இதுக்குச் சிறைத் தண்டனைகூட உண்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

*

மழை விட்டிருந்தது. வெளியே படிகளில் ட்ரெவர் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான்.

"நான் கேட்டிருக்கேன்! பெவ், நான் கேட்டிருக்கேன்!" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு வருஷம்! தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில பாத்து, 'முட்டாப் பயலே, கேஸ் நாத்தம்கூடத் தெரியாத ஜென்மம், உனக்குக் கை போனது சரிதான்'னு திட்டிக்கிட்டேன். தெரிஞ்சிருக்கு எனக்கு! உள்ள வந்ததும் தெரிஞ்சிருக்கு!"

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இடது கையால் துடைத்தான். பிறகு திடீரென்று நின்றான். சிரிப்பு போய்விட்டது.

"ஏன் சொல்லலை நீ?"

"வெக்கம்டா."

"வெக்கமா?" அவன் வலது கையை அவள் முகத்துக்கு முன்னால் தூக்கினான். "இதை வெச்சுக்கிட்டு நான் பட்டன் போட முடியாம நிக்கறேன். உனக்கு வெக்கமா?"

பெவர்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள்.

ட்ரெவருக்கு மூச்சு வாங்கியது. கையை இறக்கிவிட்டு, "சாக்கடையை ரிப்பேர் பண்ணிட்டியா?" என்றான்.

"அதுல ஒண்ணுமே இல்லடா."

அவன் அவளையே பார்த்தான். உள்ளிருந்து ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. தடுக்கப் பார்த்தான், முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டான்.

"உன் மேல பயங்கரக் கோவத்துல இருக்கேன். இங்க நின்னு திட்டினா பத்தாது. ஞாயித்துக்கிழமை வந்து திட்டறேன்."

"சாப்பாட்டுக்கு வா."

"வரேன். சாப்பிட்டுக்கிட்டே திட்டறேன். உப்பு சரியா இருக்கான்னு நானே பாத்துக்கறேன்." கோட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். பத்தடி போய்த் திரும்பாமலே கையை ஆட்டினான். வலது கை.

பெவர்லிக்கு முட்டி இரண்டும் வலித்தன. ஆனால் நெஞ்சு மட்டும் நான்கு வருடத்தில் இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. பதினான்கு நாள், சிறை, வக்கீல், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

"வா ஜோஸி, வீட்டுக்குப் போலாம். பசிக்குது எனக்கு."

ஜோஸி அசையவில்லை.

"அம்மா, உன் பிறந்த நாளுக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தேனே. விபத்துக்கு முந்தின வருஷம்."

"நீல பாட்டில். லாவெண்டர். ஏன்?"

"அதைக் கழுவிட்டு வெறும் தண்ணி ஊத்திக் கொடுத்தேன்."

ஒரு பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

"நீ கழுத்துல தடவிக்கிட்டு, 'தூக்குதுடி, தோட்டத்துக்குள்ளேயே நிக்கிற மாதிரி இருக்கு'ன்னு சொன்னே. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லலை. நான் கேக்கலை."

"ஜோஸி..."

"அந்த ஆறாவது பத்தி. ஆஸ்பத்திரியிலதான் முதல்ல தெரிஞ்சுதுன்னு. அதை நீ சொல்லி நான் டைப் பண்ணலை அம்மா. நானாவே எழுதினேன். பொய்னு தெரிஞ்சே எழுதினேன். உன்னைக் காப்பாத்தறதா நெனச்சேன். அப்புறம் அந்த வாதம் வேற அவ்வளவு அழகா வந்துச்சா, அதுக்காகவும்தான்."

பெவர்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாயை மூடு. கார்ல ஏறு. யாருக்கும் தெரியாதுன்னு நான் சத்தியம் பண்ணிட்டேன். அதோட முடிஞ்சுது. அடுத்த மாசம் நீ வக்கீல். கேக்குதா? அந்தப் பத்தி என்னோடது. தப்பு என்னோடது."

"வக்கீலாப் பதிவு பண்ண, நான் நேர்மையானவள்னு ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும் அம்மா."

"போடு! யாரு கேக்கப் போறா?"

மணி நாலு இருபது. மேலே ஒரு பெண் ஊழியர் சாவிக் கொத்தோடு வந்து கோர்ட்டின் பெரிய கதவில் ஒரு பாதியைச் சாத்தினார்.

ஜோஸி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து விலக்கினாள். திரும்பினாள். படிகளில் இரண்டிரண்டாக ஏறினாள்.

"ஜோஸி! நில்லுடி!"

ஊழியர் மீதிக் கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "மூடற நேரம் ஆச்சு கண்ணு. ஏதாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"ஆமாங்க" என்றாள் ஜோஸி, மூச்சு வாங்க. "ஜட்ஜ் அம்மா இன்னும் உள்ள இருக்காங்களா?"